காவலாளிகள் வராத விசாரணை

கேள்வி: நூற்பாலை ஒன்றில் 14 ஆண்டுகள் வேலை செய்தேன். ஸ்டோரிலிருந்து செம்புக் கம்பி திருடியதாகக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுத்து, உள்விசாரணை நடத்திப் பணிநீக்கம் செய்துவிட்டார்கள். இரண்டு காவலாளிகள் எழுதிக் கொடுத்த புகார்தான் ஒரே ஆதாரம். விசாரணைக்கு அவர்கள் வரவே இல்லை. பிறகு குற்றவியல் நீதிமன்றத்தில், கம்பியை என் கையில் பார்க்கவில்லை என்று அவர்களில் ஒருவர் சொல்லிவிட, சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை செய்தார்கள். இனி வேலை தானாகத் திரும்பக் கிடைக்குமா?
– வாசகர், கோவை மாவட்டம்

பதில்: தானாகக் கிடைக்காது. குற்றவியல் நீதிமன்றத்தில் குற்றம் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட வேண்டும். உள்விசாரணையில் அந்த அளவுக்குத் தேவையில்லை. ஹரியானா பேருந்து நடத்துநர் ரத்தன் சிங் வழக்கில் (1977), டிக்கெட் இல்லாத பயணிகளிடம் வாக்குமூலம் வாங்கவில்லை என்பதற்காகவே பணிநீக்கம் செல்லாமல் போகாது என்றும், நம்பத்தக்கதாக இருந்தால் செவிவழிச் சாட்சியத்தை (பிறர் சொல்லக் கேட்டதைச் சொல்லும் சாட்சியத்தை)க்கூட ஏற்கலாம் என்றும் உச்ச நீதிமன்றம் கூறியது. நிர்வாகத் தரப்பு வழக்கறிஞர்கள் முதலில் எடுத்து நீட்டுவது இந்தத் தீர்ப்பைத்தான். ஆனால் அங்கே சோதனை செய்த பறக்கும் படை இன்ஸ்பெக்டரின் சாட்சியம் இருந்தது. உங்கள் விசாரணையில் இருந்தது வெறும் காகிதம்.

அந்தக் காகிதத்தைப் பற்றித்தான் ரூப் சிங் நேகி வழக்கு (2008) பேசுகிறது. காவல்துறையிடம் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட ஒப்புதல் வாக்குமூலத்தை நம்பி வங்கி ஊழியர் ஒருவர் நீக்கப்பட்டிருந்தார். ஆவணத்தைக் கோப்பில் வைத்தால் மட்டும் போதாது, அதில் உள்ளதைச் சாட்சி வந்து நிரூபிக்க வேண்டும் என்று கூறி அந்த நடவடிக்கையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பணிநீக்கம் போன்ற பெருந்தண்டனை விதிக்கக்கூடிய விசாரணையில் வாய்மொழிச் சாட்சியம் பதிவு செய்யப்பட்டே ஆக வேண்டும் என்று உத்தரப் பிரதேச வணிகவரி அதிகாரி ஒருவரின் வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மீண்டும் வலியுறுத்தியது. இவர் அரசு ஊழியர்தான். ஆனாலும் எதிரே வராத சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது என்ற நியாயம் ஆலைக்கும் பொருந்தும்.

‘சந்தேகத்தின் பலன்’ என்ற சொற்களைக் கண்டு சோர்ந்துவிட வேண்டாம். ராஜஸ்தான் காவலர் ராம் லால் வழக்கில் (2023 டிசம்பர்), அந்தச் சொற்களை மட்டும் பார்க்காமல் தீர்ப்பை முழுவதும் படித்து, இரு விசாரணைகளிலும் சான்றுகள் ஒன்றாகவே இருப்பதைக் கண்ட உச்ச நீதிமன்றம், அவரை வேலையில் இல்லாத காலத்துக்கான 50 சதவீதப் பின்சம்பளத்துடன் பணியில் சேர்க்க உத்தரவிட்டது. எல்லா விடுதலைக்கும் இது பொருந்தாது.

ஒரு எச்சரிக்கை: உள்விசாரணை செல்லாது என்று தொழிலாளர் நீதிமன்றம் கண்டாலும், நிர்வாகம் உரிய முறையில் கேட்டிருந்தால், அங்கேயே புதிதாகச் சாட்சிகளை நிறுத்தலாம். அப்போது, கம்பியைப் பார்க்கவில்லை என்று சொன்ன காவலாளியே கூண்டில் ஏறிப் பழைய புகாரையே திரும்பச் சொல்லக்கூடும். எனவே, குற்றவியல் நீதிமன்றத்தில் அவர் அளித்த சாட்சியத்துக்குச் சான்றிட்ட நகல் கேட்டு இப்போதே மனுச் செய்யுங்கள்; அவரைக் குறுக்கு விசாரணை செய்யும்போது உங்கள் வழக்கறிஞரின் கையில் இருக்க வேண்டியது அதுதான்.