பிரஷ் எழுத்தே கதி என்று இருக்கும் மகனுக்கு என்ன படிப்பு?

தக்கலையிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார்: பிளஸ் டூ படிக்கும் மகன் எப்போதும் பிரஷ்ஷும் மையுமாக எழுத்து எழுதிக்கொண்டே இருக்கிறான், இது சோறு போடுமா?

அக்கா, நீங்கள் அனுப்பிய தாள்களை நிதானமாகப் பார்த்தேன். அழுத்திய இடம் தடித்திருக்கிறது, மை வற்றிய இடம் கோடு கோடாகப் பிரிகிறது, ஓரமெல்லாம் பிசிறு. அதைக் கிறுக்கல் என்று ஒதுக்காதீர்கள், இந்த வகை எழுத்துருவுக்கு (கம்ப்யூட்டரிலும் அச்சிலும் பயன்படும் எழுத்து வடிவத் தொகுப்பு, ஃபான்ட்) அந்தப் பிசிறுதான் உயிர். அமெரிக்காவில் 1942-லேயே ‘பிரஷ் ஸ்கிரிப்ட்’ என்ற அச்செழுத்து வந்துவிட்டது. அதன் கம்ப்யூட்டர் வடிவம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

எழுத்துரு மட்டுமே வரைந்து பிழைக்கும் வேலைகள் குறைவு, அதை மறைக்க மாட்டேன். ஆனால் பாக்கெட், போஸ்டர், சினிமாத் தலைப்பு, கடைப் பலகை என்று எழுத்தின் அருமை தெரிந்த டிசைனருக்கு வேலை உண்டு. நேந்திரன் சிப்ஸ் பாக்கெட்டின் முன்பக்கம், குளச்சல் விசைப்படகின் பெயர், கோயில் கொடை போஸ்டரின் தலைப்பு, இங்கெல்லாம் இந்த எழுத்து பெரிதாக, நாலைந்து சொல்லுக்குள் ஜோராக நிற்கும். அதே பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டால் பிசிறின் இடைவெளியெல்லாம் மையில் அடைபட்டுவிடும், படிக்க முடியாது. எதை எங்கே வைக்கலாம் என்ற இந்தப் பக்குவம் அவனுக்கு வர வேண்டும்.

ஆங்கில எழுத்துகளை மட்டுமே எழுதியிருக்கிறான், அதுதான் எனக்குக் குறை. தமிழில் கு, கூ போன்ற உகர, ஊகார வரிசைகளின் 36 எழுத்துகளையே தனித்தனியாக வரைய வேண்டியிருக்கும். ‘கன்னியாகுமரி’ என்று எழுதச் சொல்லுங்கள். ன், னி இரண்டிலும் ஒரே பிசிறு அச்சு அசலாகத் திரும்பி வந்தால் கையெழுத்தின் களை போய்விடும். அதனால் ஒரே எழுத்துக்கு இரண்டு மூன்று மாற்று வடிவங்கள் வரைய வேண்டும். எழுத்துரு செய்ய ஃபான்ட்ஃபோர்ஜ், படம் வரைய இங்க்ஸ்கேப், இரண்டும் இலவச மென்பொருள்கள், பழகலாம். எழுத்துருவை யூனிகோடில், அதாவது எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையில் செய்யட்டும். டி.டி.பி. கடைகளில் புழங்கும் பழைய முறைகளில் செய்தால் இணையத்திலும் செல்போனிலும் உதவாது.

சரி, படிப்பு. வடிவமைப்புப் பட்டமான பி.டெஸ். படிப்பில் ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் சேர யூசீட் என்ற நுழைவுத் தேர்வு இருக்கிறது. பிளஸ் டூவில் எந்த குரூப் எடுத்தவரும் எழுதலாம். அடுத்தடுத்த ஆண்டுகளில் இரண்டு முறைதான் வாய்ப்பு. கம்ப்யூட்டரில் ஒரு பகுதி, கையால் வரைவது ஒரு பகுதி. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்குத் தனித் தேர்வு. செலவு யோசனையாக இருந்தால் சென்னை, கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரிகளில் பி.எஃப்.ஏ. என்ற கவின்கலைப் பட்டப்படிப்பைப் பாருங்கள். அரசுக் கல்லூரி என்பதால் தயங்க வேண்டாம், சென்னைக் கல்லூரி 1850-இல் தொடங்கியது.

பொதுத்தேர்வு முடியும்வரை பிரஷ்ஷைப் பிடுங்கி வைக்காதீர்கள். தினமும் ஒரு மணி நேரம் போதும் என்று அவனிடம் பேசி முடிவு செய்யுங்கள். எழுதிய தாள்களைத் தேதி போட்டு ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள், சரியாக வராத தாளும் அதில் இருக்கட்டும்.