கேள்வி: சின்ன வயதிலிருந்து கிணற்றில் நீந்துகிறேன். வயது 31. நீச்சல் பயிற்றுநர் ஆக இது போதுமா?

போதாது. எனக்கும் போதவில்லை, அதனால்தான் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை.

எந்த ஊர் என்று நீங்கள் சொல்லவில்லை. கிணறு என்றதும் எங்கள் பக்கம் மாதிரி ஓர் ஊர் என்று எடுத்துக்கொள்கிறேன். எனக்குக் காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் நடுவில் ஒரு கிராமம். ஊருணியில் கால் நனைக்க விடமாட்டார்கள், அது குடிதண்ணீர். கோடையில் பம்புசெட் கிணறு, மழை பெய்து பெருகினால் கண்மாய். ஐயா என் இடுப்பில் கயிறு கட்டி, முதுகில் சுரைக்குடுக்கையும் கட்டிக் கிணற்றில் இறக்கிவிட்டார். மூன்றாம் நாள் குடுக்கை இல்லை. ஐந்தாம் நாள் கயிறும் இல்லை. எட்டு வயதில் மோட்டார் ரூம் மேலிருந்து குதித்து, அடிமண்ணை அள்ளி வந்து காட்டுவேன். ஆகவே கிணற்று நீச்சலை மட்டம் தட்டுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அது எனக்குப் பெருமைதான்.

எனக்கு 24 வயது இருக்கும். ஐப்பசி மழையில் கண்மாய் நிறைந்திருந்தது. துவைத்துக்கொண்டிருந்தபோது ஒரு சின்னப் பையன் ஓடிவந்து, "அக்கா, அவனைக் காணோம்" என்றான். பத்தடி தூரத்தில்தான் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு சத்தம்கூடக் கேட்கவில்லை. மூழ்குகிறவர் கையை ஆட்டிக் கூப்பிடுவார் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். மூச்சு எடுக்கவே வாய் தண்ணீருக்கு மேல் வராதபோது எப்படிக் கத்துவது? ஒரு நிமிடத்துக்குள், பல சமயம் அதற்கும் முன்பே, உள்ளே போய்விடுவார்கள். இதெல்லாம் பின்னால் படித்தது.

மூன்றாவது முறை முங்கியபோது சட்டை கையில் தட்டுப்பட்டது. கரைக்குக் கொண்டுவந்துவிட்டேன். அதற்குப் பிறகு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

கூடியவர்களில் ஒருவர் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றினார். இன்னொருவர் வயிற்றை அமுக்கினார். வாயிலிருந்து கொஞ்சம் தண்ணீர் வந்ததும் "வந்துருச்சு, வந்துருச்சு" என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனபோது உயிர் இல்லை. அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, தெரிந்ததைச் செய்தார்கள். ஈரச் சேலையோடு பார்த்துக்கொண்டு நின்றவள் நான். "நீதான் ஆத்தா வெளியில எடுத்த" என்று அவன் அப்பத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்தக் கை இன்னும் விடவில்லை.

சரியாகச் செய்திருந்தால் பிழைத்திருப்பானா? அதைச் சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் என்ன செய்திருக்க வேண்டும் என்பது இப்போது தெரியும். தண்ணீரை வெளியேற்றுவது நம் வேலையே இல்லை. மல்லாக்கப் படுக்கவைத்து, மூச்சு இல்லையென்றால் முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊத வேண்டும். மூழ்கியவருக்கு முதலில் தீர்ந்துபோவது காற்று. பிறகு மார்பின் நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு, மறுபடி 30. நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகத்தில், பெரியவர்களுக்கு 5 சென்டிமீட்டராவது இறங்கும்படி. இடையில் ஒருவர் 108க்குப் போன் போட வேண்டும். இதைப் படித்தால் வந்துவிடாது, பொம்மை மேல் கை வலிக்க வலிக்கச் செய்து பழக வேண்டும்.

பிள்ளைகள் கொஞ்சம் பெரிதானதும், என் 36வது வயதில் சென்னைக்குப் போய்ப் பயிற்சியில் சேர்ந்தேன். நீந்துவதில் நான்தான் முதலாவதாக வருவேன் என்ற நினைப்போடு போனேன். கிணற்றில் பழகியவர்கள் தலையைத் தூக்கியே நீந்துவோம், தலை மேலே போனால் இடுப்பு கீழே இறங்கும். முகத்தைத் தண்ணீரில் வைத்துப் பக்கவாட்டில் மூச்சு எடுக்கவே பதினொரு நாள் ஆயிற்று. உங்களுக்கும் இது ஆகும், தயாராகப் போங்கள்.

அடுத்தது மீட்புத் தேர்வு. மூழ்குகிறவராக நடித்தவர் நல்ல கனமான ஆள். நேராக எதிரில் நீந்திப் போனேன். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தோள் மேல் ஏறிவிட்டார். உதற உதற இறுகியது. விசில் ஊதி, "இப்ப ரெண்டு பேரும் போயாச்சும்மா" என்றார் மாஸ்டர். கண்மாயில் அந்தப் பையன் நினைவோடு இருந்து என்னைப் பிடித்திருந்தால் இதுதான் நடந்திருக்கும். பிடித்துவிட்டால் மேலே வரப் போராடக் கூடாது, உள்ளே முங்க வேண்டும். அவருக்கு வேண்டியது காற்று, நாம் கீழே போனால் தானே விட்டுவிடுவார். அதற்கும் முன்னால், நீந்திப் போவதே கடைசி வழி. கரையிலிருந்து கம்பை நீட்டு, எட்டாவிட்டால் கயிறோ காலிக்குடமோ எறி. 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் மூன்று பெண்கள் உடுத்தியிருந்த சேலையைக் கழற்றி வீசி இரண்டு இளைஞர்களைக் கரையேற்றினார்கள். அரசு கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. அவர்கள் செய்ததுதான் பாடத்தில் முதலில் வருவது.

சொல்லிக்கொடுக்கக் கற்பது தனி. நமக்குக் கை தானாக வருவதால் எப்படி வருகிறது என்று சொல்லத் தெரியாது. ஒரு குழந்தையை முதல் நாள் முகத்தைத் தண்ணீரில் வைத்துக் குமிழி விடச் சொல்ல வேண்டும், பிறகு மல்லாக்க மிதக்க, பிறகு விழுந்தால் திரும்பிச் சுவரைப் பிடிக்க. பிடித்துத் தள்ளிவிட்டால் நீச்சல் வரும் என்கிறவர்கள், தள்ளியதால் வாழ்நாள் முழுக்கத் தண்ணீர்ப் பக்கமே போகாதவர்களை எண்ணுவதில்லை. தண்ணீருக்கு முதுகைக் காட்டாமல் நிற்பதும், பேசிக்கொண்டே தலைகளை எண்ணுவதும் எனக்கு நீச்சலைவிடக் கஷ்டமாக இருந்தன.

படிப்பு என்று கேட்டால், போட்டிக்குத் தயார் செய்யும் கோச் ஆக பாட்டியாலாவில் 1961 முதல் இருக்கும் தேசிய விளையாட்டு நிறுவனத்தின் டிப்ளமோவும் ஆறு வாரச் சான்றிதழும் உண்டு. உயிர்காப்புக்குப் புனேயில் ராஷ்ட்ரிய லைஃப் சேவிங் சொசைட்டி இருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல. நான் சொல்வதைக் கேட்டால் உயிர்காப்பை முதலில் முடியுங்கள். சான்றிதழ் வியாபாரத்துக்கு ஆள் பிடிக்கிறேன் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு யாரும் கமிஷன் தரவில்லை.

"எங்க காலத்துல எல்லாரும் கிணத்துலதான் கத்துக்கிட்டோம்" என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனக் கணக்கில் 2021இல் மட்டும் சுமார் 3 லட்சம் பேர் மூழ்கி இறந்தார்கள். ஏறக்குறைய நாலில் ஒருவர் 5 வயது நிரம்பாத குழந்தை. எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளில் மழைத்தண்ணீர் பிடிக்க முற்றத்தில் அண்டா வைப்பார்களே, தவழும் குழந்தைக்கு அதுவே போதும். தாய்மாருக்கு வகுப்பெடுக்கும்போது அந்த அண்டாவைத்தான் முதலில் சொல்கிறேன்.

கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தக் கண்மாயில் நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கரையிலிருந்து படிப்படியாக ஆழம் கூடும். முழங்கால், இடுப்பு, கழுத்து என்று கால் சொல்லும். சவுடு மண் என்று இயந்திரத்தை விட்டு வெட்டி அள்ளிய பிறகு, முழங்கால் தண்ணீருக்கு அடுத்த அடியில் இரண்டு ஆள் ஆழம். தண்ணீர் நிறைந்துவிட்டால் மேலே ஒன்றும் தெரியாது. அந்தப் பையன் போனது அப்படி ஒரு குழியில். மண்ணெடுத்தவர்கள் யாரும் ஒரு கல்லைக்கூட அடையாளமாக நட்டு வைக்கவில்லை. மனுக் கொடுத்தோம், இன்றுவரை கம்பி வேலிகூட வரவில்லை. இப்போது ஊர்ப் பிள்ளைகளை அழைத்துப் போய், நீளக் கம்பால் தரையைக் குத்திப் பார்த்துக் குழி இருக்கும் இடங்களில் சிவப்புத் துணி கட்டிய மூங்கிலை நானே ஊன்றி வைக்கிறேன். மழைக்கு முன் வருடா வருடம் மாற்ற வேண்டியிருக்கிறது.

வயது 31 என்று தயங்கியிருக்கிறீர்கள். நான் சேர்ந்தபோது எனக்கு 36. அந்த வகுப்பில் என்னைவிட மூத்தவர் இரண்டு பேர் இருந்தார்கள்.