ஐந்து நிமிடத்தில் நீக்கியவர் யார்?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். போன மாதம் தமிழ் விக்கிப்பீடியாவில் எங்கள் ஊர்ப் பக்கத்தைப் பார்த்தேன். மக்கள்தொகை, அஞ்சல் எண் என்று நான்கு வரிதான் இருந்தது. எங்கள் சிவன் கோயில் இரண்டாயிரம் ஆண்டு பழமையானது, ராஜராஜ சோழன் திருப்பணி செய்தது என்று பெரியவர்கள் சொல்லி எனக்குத் தெரிந்ததையெல்லாம் இரண்டு பத்தி எழுதிச் சேர்த்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, யாரோ ஒருவர் நீக்கிவிட்டார். கேட்டால் 'சான்று இல்லை'யாம். மறுபடி போட்டேன், மறுபடி நீக்கினார். மூன்றாவது தடவை எச்சரிக்கையே வந்துவிட்டது. எங்கள் ஊர்ப் பக்கம் தலைவைத்தும் படுத்திருக்க மாட்டார் அந்த ஆள். யாரும் தொகுக்கலாம் என்று சொல்லிவிட்டு நாலு பேர் உட்கார்ந்து ஆட்சி செய்கிறார்கள். சம்பளம்கூடக் கிடையாதாம், பிறகு எதற்கு இந்த அதிகாரம்? இதை நம்பித்தானே பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதுகிறார்கள்?

(பெயர் வெளியிட வேண்டாம்.)

*

அன்புள்ள ஐயா,

உங்கள் கோபம் புரிகிறது. ஆனாலும் இந்த வழக்கில் நான் நீக்கியவர் கட்சி. ஒரு விஷயத்தில் மட்டும் உங்கள் கட்சி, அதற்குப் பிறகு வருகிறேன்.

அந்த ஐந்து நிமிடத்தில் என்ன நடந்திருக்கும் என்று சொல்கிறேன். விக்கிப்பீடியாவில் 'அண்மைய மாற்றங்கள்' என்று ஒரு பக்கம் உண்டு. வாசிக்க மட்டும் வருகிறவர்கள் அதைத் திறப்பதே இல்லை. திறந்தால், யார், எந்தக் கட்டுரையில், எத்தனை மணிக்குக் கை வைத்தார் என்று பட்டியல் ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு வரியிலும் ஓர் எண். சேர்த்திருந்தால் பச்சை, குறைத்திருந்தால் சிவப்பு. பைட் கணக்கு அது. கணினியில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட் ஆகிறது, 'தமிழ்' என்ற சொல்லே (இகரக் குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடு என்பதால் மொத்தம் ஐந்து) 15 பைட் பிடிக்கும். ஆகவே உங்கள் இரண்டு பத்தி நாலாயிரத்தைத் தாண்டிய பச்சை எண்ணாகப் பளிச்சென்று நின்றிருக்கும். புதுப் பயனர், பெரிய எண், என்ன செய்தோம் என்று எழுத வேண்டிய தொகுப்புச் சுருக்கம் காலி. சுற்றுக்காவலில், அதாவது புது மாற்றங்களைக் கண்காணிக்கும் வேலையில், இருப்பவர் கண் நேராக அங்கேதான் போகும். 'வேறுபாடு' என்பதைச் சொடுக்கியிருப்பார். இடது பக்கம் பழைய நான்கு வரி, வலது பக்கம் நீங்கள் எழுதியது. ஒரு நூலின் பெயர், ஒரு கல்வெட்டு எண், ஒரு செய்தித்தாள் இணைப்பு, ஏதாவது இருக்கிறதா என்று கண்ணை ஓட்டியிருப்பார். இல்லை. மீளமைத்துவிட்டு, அதாவது பக்கத்தைப் பழையபடி ஆக்கிவிட்டு, அடுத்த வரிக்குப் போயிருப்பார்.

உங்கள் ஊர் அவருக்குத் தெரியாது என்பது சரி. தெரிந்திருக்கவும் வேண்டாம். கோயில் பழமையானதா இல்லையா என்று அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. உங்களையும் தெரியாத, ஊரையும் தெரியாத மூன்றாவது ஆள் ஒருவர் இதைச் சரிபார்க்க வழி இருக்கிறதா என்பது மட்டும்தான் அவர் பார்த்தது. (கோபித்துக்கொள்ளாதீர்கள், நம் பக்கத்துக் கோயில்கள் எல்லாமே இரண்டாயிரம் வருஷம்தான். எண்ணூறு வருஷம் என்று ஒப்புக்கொண்ட ஊரை நான் இன்னும் பார்க்கவில்லை. மண்டகப்பட்டில் குடைவரை எடுத்த மகேந்திரவர்மன், செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் அமைத்தேன் என்று கல்லில் வெட்டிப் பெருமைப்பட்டுக்கொள்கிறான். அது ஏழாம் நூற்றாண்டு; கல்லில் கோயில் அமைப்பதே அப்போது பெருமைப்படும் புதுமை.)

இந்தக் கெடுபிடி ஆரம்பத்திலிருந்தே இருந்ததல்ல. விக்கிப்பீடியாவுக்கு முன்னால் நூபீடியா என்று ஒன்று நடத்திப் பார்த்தார்கள். அறிஞர்கள் எழுதி, ஏழு கட்டச் சரிபார்ப்பு தாண்டித்தான் கட்டுரை வெளியாகும். நத்தை வேகம். 2001 ஜனவரியில் கதவைத் திறந்துவிட்டதும் கட்டுரைகள் குவிந்தன. கூடவே குப்பையும். 2005 மே மாதம் ஜான் சீகன்தாலர் என்ற மூத்த அமெரிக்கப் பத்திரிகையாளர் பற்றிய கட்டுரையில், கென்னடி சகோதரர்கள் கொலையில் அவருக்குத் தொடர்பு இருந்திருக்கலாம் என்று ஒருவர் விளையாட்டாக எழுதிவைத்தார். நான்கு மாதத்துக்கு மேல் அது அப்படியே கிடந்தது. அவரே பத்திரிகையில் எழுதியதும் ஊர் சிரித்தது. அதன்பிறகுதான் கணக்கு இல்லாதவர்கள் ஆங்கில விக்கியில் புதுக் கட்டுரை தொடங்க முடியாது என்று ஆக்கினார்கள். உயிரோடு இருப்பவர்களைப் பற்றி எழுதுவதற்கும் கடுமையான விதி வந்தது. உங்களுக்கு வந்த எச்சரிக்கைக்குப் பின்னாலும் ஆங்கில விக்கியில் பிறந்த ஒரு விதி இருக்கிறது: 24 மணி நேரத்தில் ஒரே பக்கத்தை மூன்று தடவைக்கு மேல் மீளமைக்கக் கூடாது. யார் சொல்வது சரி என்பது அதில் கணக்கே இல்லை. சரியான ஆளும் நாலாவது தடவை செய்தால் மாட்டிக்கொள்வார். சண்டையைக் கட்டுரையிலிருந்து பேச்சுப் பக்கத்துக்கு (ஒவ்வொரு கட்டுரைக்கும் விவாதிக்கவென்று உள்ள பக்கம்) தள்ளுவதற்கான விதி அது.

நாலு பேர் ஆட்சி என்கிறீர்கள். யார் அந்த நாலு பேர்? தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. அதை நிமிர்த்தியவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் இ. மயூரநாதன். யாழ்ப்பாணத்துக்காரர், கட்டடக் கலைஞர், வேலை பார்த்தது வளைகுடாவில். தளத்தின் பொத்தான்களையும் அறிவிப்புகளையும் தமிழாக்கியதில் தொடங்கி நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளை அவர் ஆரம்பித்திருக்கிறார். கனடாத் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்குக் கொடுத்தது. அப்படி ஒரு பெயர் வெளியே தெரிந்தால், தெரியாத பெயர்கள் எத்தனையோ. ஒருவர் குறுங்கட்டுரை தொடங்குவார். வேறொருவர் அது எந்த வகையில் சேரும் என்று பகுப்பு சேர்ப்பார். இன்னொருவர் பொதுவகத்திலிருந்து (எல்லா மொழி விக்கிகளுக்கும் பொதுவான படக் கிடங்கு) படம் கொண்டுவருவார். எழுத்துப்பிழை திருத்துவதையே தொழிலாக வைத்திருக்கிற புண்ணியவான்களும் உண்டு. ஒரே விஷயத்துக்குப் பிற மொழிகளில் உள்ள கட்டுரைகளின் இணைப்புகளை முன்பெல்லாம் தானியங்கி நிரல்கள் பக்கம் பக்கமாகப் போய்த் திருத்திக்கொண்டிருந்தன. 2013இல் அதை விக்கித்தரவு என்ற பொதுத் தரவுத்தளம் எடுத்துக்கொண்டது.

நிர்வாகி என்பவருக்குப் பக்கத்தை நீக்க, பூட்ட, பயனரைத் தடை செய்யக் கூடுதல் பொத்தான்கள் உண்டு. அவ்வளவுதான். மற்ற பயனர்கள் திறந்த பக்கத்தில் ஆதரவோ எதிர்ப்போ தெரிவித்துத்தான் அவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர் எந்தப் பொத்தானை எப்போது அழுத்தினார் என்பது பதிவேட்டில் இருக்கும், நீங்களும் பார்க்கலாம். ஒரு கட்டுரையில் என்ன எழுதுவது என்பதில் அவர் குரலுக்கு உங்கள் குரலைவிட எடை கிடையாது. நடைமுறையில் பழைய ஆளுக்குச் செல்வாக்கு இருக்கத்தான் செய்யும், அதை மறைக்க முடியாது. விதி எண்ணைச் சொல்லிப் புதியவர் வாயை அடைக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

இவர்கள் சேர்ந்து வேலை செய்யும் லட்சணத்தைப் பார்க்க வேண்டுமானால் கூகுள் கட்டுரைகள் கதையைப் பாருங்கள். 2009 வாக்கில் கூகுள் நிறுவனம் ஆங்கில விக்கிக் கட்டுரைகளைத் தன் மொழிபெயர்ப்புக் கருவியின் துணையோடு, சம்பளத்துக்கு ஆள் வைத்து, தமிழ் உள்ளிட்ட சில இந்திய மொழிகளில் ஏற்றத் தொடங்கியது. கட்டுரைகள் நீளமோ நீளம். தலைப்புகள் தமிழ் வாசகருக்கு எது தேவை என்று பார்த்து எடுத்தவை அல்ல. வாக்கியம் ஆங்கிலத்தை அப்படியே உரித்துவைத்த மாதிரி இருக்கும். வார்ப்புருக்கள் (தகவல் பெட்டி மாதிரியான ஆயத்த அச்சுகள்) உடைந்து கிடக்கும், திரும்பிய பக்கமெல்லாம் இல்லாத கட்டுரைக்குப் போகும் சிவப்பு இணைப்பு. பேச்சுப் பக்கத்தில் போய்க் கேட்டால் பதில் வராது, ஏனென்றால் மொழிபெயர்த்தவர் அடுத்த கட்டுரைக்குப் போயிருப்பார். எண்ணிக்கை ஏறுகிறதே, விட்டுவிடலாம் என்று இருந்திருக்கலாம். அல்லது மொத்தமாகத் தூக்கி எறிந்திருக்கலாம். வங்காள விக்கியினர் ஏற்க மறுத்துவிட்டார்கள். தமிழ் விக்கியினர் ஆலமரத்தடியில் (அதுதான் அங்கே பொது விவாதப் பக்கத்தின் பெயர்) உட்கார்ந்து வாதாடினார்கள். பிறகு நிறுவனத்தோடு பேசினார்கள்: தலைப்பை நாங்களும் சேர்ந்து தேர்ந்தெடுக்கிறோம், சுட்டிக்காட்டிய பிழையைத் திருத்திவிட்டு அடுத்ததை ஏற்றுங்கள். 2010இல் போலந்தின் குதான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் தமிழ் விக்கிப்பீடியர் ஒருவர் இந்த அனுபவத்தை அலசி உரையாற்றினார். திட்டம் பிற்பாடு நின்றுபோனது. ஏற்றப்பட்ட கட்டுரைகளோ அப்படியே கிடந்தன. அவற்றைத் துப்புரவு செய்யும் வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்தது. அதற்குச் சம்பளம் யாரும் தரவில்லை.

ஆஸ்திரேலியாவா (தமிழக வழக்கு) அவுஸ்திரேலியாவா (இலங்கை வழக்கு) என்ற வகைத் தகராறுகள் வேறு உண்டு. ஒன்றைத் தலைப்பாக வைத்து, மற்றதைத் தேடினாலும் அங்கேயே போகும்படி வழிமாற்றாக்கிவிட்டுப் போய்விடுவார்கள், அதில் பெரிதாக ஒன்றுமில்லை.

நாலு பேர் அதிகாரம் செய்கிறார்கள் என்பது உங்கள் கவலை. பார்க்கிற ஆட்கள் உண்மையிலேயே நாலு பேராகக் குறைந்துவிட்டால் என்ன ஆகும் என்பது என் கவலை. ஸ்காட்லாந்தின் ஸ்காட்ஸ் மொழிக்கு ஒரு விக்கி இருக்கிறது. அதில் 20,000க்கும் மேற்பட்ட கட்டுரைகளை எழுதியது அந்த மொழியே தெரியாத ஓர் அமெரிக்கப் பையன் என்று 2020இல் தெரியவந்தது. சிறுவனாக இருக்கும்போது நல்லெண்ணத்தோடு ஆரம்பித்தது. ஆங்கிலச் சொற்களை அகராதி பார்த்து மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறான். அங்கே நிர்வாகியாகவும் இருந்தான். ஆண்டுக்கணக்கில் சேதம் தொடர்ந்ததற்குக் காரணம், உட்கார்ந்து படித்துப் பார்க்க அந்த மொழிக்காரர்கள் போதுமான அளவு இல்லாததுதான். குரோவேசிய விக்கியில் நடந்தது இன்னும் மோசம். ஒத்த கருத்துடைய சில நிர்வாகிகள் ஏறத்தாழப் பத்தாண்டு அதைக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டாம் உலகப்போர்க் காலப் படுகொலைகளைப் பூசி மெழுகினார்கள். எதிர்த்தவர்களைத் தடை செய்தார்கள். அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2013இல் அந்நாட்டுக் கல்வி அமைச்சரே மாணவர்களுக்குச் சொல்லும் நிலை வந்தது. விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை இதைப் பற்றி விரிவான அறிக்கை வெளியிட்டது 2021இல்தான்.

தமிழில் ஒன்றரை லட்சம் கட்டுரைக்கு மேல் இருக்கின்றன. பெரும்பாலானவற்றை ஒருவர் எழுதிவிட்டுப் போன பிறகு யாரும் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். உங்கள் ஊரின் நான்கு வரி அநாதைப் பக்கத்தை ஐந்து நிமிடத்துக்குள் ஓர் ஆள் கவனித்திருக்கிறார் என்றால், பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தை நினைத்து நீங்கள் கொஞ்சம் நிம்மதிதான் படவேண்டும்.

இனி, உங்கள் கட்சிக்கு வருகிறேன். பெரியவர்கள் வாய்வழியாகச் சொன்னது அறிவு இல்லையா என்ற கேள்வி உங்கள் கடிதத்தில் ஒளிந்திருக்கிறது. நியாயமான கேள்வி. அச்சில் வந்ததுதான் சான்று என்றால், நிறைய அச்சடித்த நாடுகளுக்கே அது சாதகம். ஒரு விளையாட்டை எப்படி ஆடுவது, ஒரு தெய்வத்துக்கு எப்படிப் படையல் போடுவது என்பதை ஆடுகிறவரிடமும் படைக்கிறவரிடமும்தானே கேட்க வேண்டும்? 2011இல் இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மலையாளம், இந்தி, செபெடி மொழிக்காரர்களிடம் ஒலிப்பதிவு செய்து, அந்தப் பதிவையே சான்றாகக் காட்டி எழுதினார்கள். ஆங்கில விக்கி அதைப் பொது வழக்கமாக ஏற்கவில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனால் ராஜராஜன் திருப்பணி அந்த வகையில் சேராது. அது நடந்திருந்தால் கல்லிலேயே இருக்க வேண்டும்.

ஆகவே இப்படிச் செய்து பாருங்கள். கோயில் தேவாரப் பாடல் பெற்றதா என்று பாருங்கள், பெற்றிருந்தால் பழமைக்கு அதுவே ஒரு பிடி. இந்தியக் கல்வெட்டு ஆண்டறிக்கைகள் 1887லிருந்து வருகின்றன, படியெடுத்த கல்வெட்டுகளை ஊர் ஊராகப் பட்டியலிட்டு எண் கொடுத்திருப்பார்கள். தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளில் மூலவாசகமே கிடைக்கும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தேடுங்கள். எதிலும் உங்கள் ஊர் இல்லை என்றால், 'இவ்வூர் மக்கள் இவ்வாறு நம்புகின்றனர்' என்று எழுதுவதற்குக்கூடத் தலபுராணமோ கோயில் மலரோ ஒன்று வேண்டும். சுவரில் எழுத்து தெரிந்தால், கேட்டுவிட்டு நீங்களே படம் எடுத்துப் பொதுவகத்தில் ஏற்றுங்கள். கல்வெட்டு படிக்கத் தெரிந்தவர் யாராவது பிறகு பார்ப்பார்.

அதற்கு முன்னால் அந்த ஊர்ப் பக்கத்தின் 'வரலாறு' என்பதைத் திறந்து பாருங்கள். நீங்கள் எழுதிய இரண்டு பத்தியும் மூன்று தடவையும் அங்கே அப்படியே இருக்கும், ஓர் எழுத்துகூடப் போகவில்லை. அதை எடுத்துப் பேச்சுப் பக்கத்தில் போட்டு, எதற்கு என்ன சான்று தேவை என்று நீக்கியவரையே கேளுங்கள். கடைசியில் நான்கு அலைக்குறி போட மறக்க வேண்டாம். அதுதான் கையெழுத்து, போடாவிட்டால் யார் கேட்டது என்று தெரியாது.