கண்ணாடியில் ஒட்டுகிறது, டப்பாவில் ஏன் ஒட்டுவதில்லை?

அன்புள்ள ஐயா,

மீந்த குழம்பை மூடிவைக்க கிளிங் ராப் என்ற மெல்லிய பிளாஸ்டிக் தாள் வாங்கினேன். கண்ணாடிக் கிண்ணத்தில் கச்சிதமாகப் பிடித்துக்கொள்கிறது. எவர்சில்வர் பாத்திரத்தில் கொஞ்ச நேரத்திலேயே ஓரம் விட்டுவிடுகிறது. பிளாஸ்டிக் டப்பாவில் ஒட்டுவதே இல்லை. ஆனால் தன்னோடு தானே ஒட்டிக்கொண்டால் பிரிக்கவே முடியவில்லை. நிலைமின்சாரம்தான் காரணம் என்கிறான் மகன். சரியா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகன் சொல்வது பாதி சரி. சுருளிலிருந்து உரிக்கும்போது நிலைமின்னூட்டம் உண்டாகிறது. தாள் கையில் வந்து சுற்றிக்கொள்வது அதனால்தான். ஆனால் அந்த மின்னூட்டம் ஈரக்காற்றில் சீக்கிரம் கசிந்துவிடும். மறுநாள் காலையில் ஃப்ரிட்ஜைத் திறந்தாலும் கிண்ணத்தை விடாமல் பிடித்திருக்கிறதே, அதற்கு வேறு காரணம் வேண்டும்.

அந்தக் காரணம் நெருக்கம். எந்த இரண்டு பொருளின் மூலக்கூறுகளும் மிக அருகில் வந்தால் ஒன்றையொன்று லேசாக இழுக்கும். வான்டர்வால்ஸ் விசை என்பார்கள். சுவரில் பல்லி நிற்பதும் பெரும்பாலும் இதன் பலத்தில்தான். இடைவெளி ஒரு மயிரிழை இருந்தாலும் இந்த விசை செத்துவிடும். கிளிங் ராப்பின் தடிமன் சுமார் 10 மைக்ரான், தலைமுடியில் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காது. அவ்வளவு மெல்லியதாகவும் துவளக்கூடியதாகவும் இருப்பதால் வழவழப்பான கண்ணாடியில் இண்டு இடுக்கு விடாமல் படிந்துவிடுகிறது.

எவர்சில்வரைப் பற்றி எழுதுமுன் ஒரு பழைய பாத்திரத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துப் பார்த்தேன். பளபளப்பான வெளிப்பக்கத்தில் தாள் நன்றாகவே ஒட்டியது. நார் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கீறல் விழுந்த இடத்தில் விரலால் அழுத்தினாலும் எழும்பி வந்தது. அடுத்து, விளிம்பில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் தடவினேன். வழுக்கிக்கொண்டு போய்விட்டது! ஆக உலோகத்தின் மேல் குற்றமில்லை. கீறலும், கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் பிசுக்கும்தான் இடையில் நிற்கின்றன.

டப்பாவின் கதை வேறு. அது பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். எவ்வளவு வழவழப்பாக இருந்தாலும் அதன் மேற்பரப்பு எதையும் பலமாக இழுப்பதில்லை. சாதாரணப் பசைகூட அதில் நிற்காது. நான்ஸ்டிக் தவாவின் டெஃப்லான் இன்னும் மோசம், அதில் பல்லியே வழுக்கும்.

தன்னோடு தான் ஒட்டும்போது இரண்டு பக்கமும் வளைந்துகொடுக்கிறது, அதனால் தொடும் பரப்பு கூடிவிடுகிறது. கிளிங் ராப்பைப் பாலிஎத்திலீன், பிவிசி போன்ற பிளாஸ்டிக்குகளில் செய்கிறார்கள். பாலிஎத்திலீன் தாள்களில் ஒட்டும் தன்மைக்காகவே சில பொருட்களைச் சேர்ப்பதும் உண்டு. பிவிசி தாளில் மென்மைக்காகச் சேர்ப்பதே இந்த வேலையையும் செய்துவிடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. 1933இல் அமெரிக்காவின் டவ் கெமிக்கல் ஆய்வகத்தில் பாட்டில் கழுவும் வேலை பார்த்த மாணவர் ரால்ஃப் வைலி. ஒரு கண்ணாடிக் குப்பியில் படிந்திருந்த பொருளை எவ்வளவு தேய்த்தும் அவரால் எடுக்க முடியவில்லை. சரான் என்று பின்னால் பெயர் பெற்று, வீட்டுச் சமையலறைக்கு உறையாக வந்தது அதுதான். அது முதலில் பிடித்துக்கொண்டதே கண்ணாடியைத்தான், பாருங்கள்.

சரி, உங்கள் டப்பாவுக்கு வருவோம். விளிம்பில் ஒட்டவைக்கப் பார்க்காதீர்கள். தாளைக் கொஞ்சம் நீளமாக வெட்டி, அடிப்பக்கம் வரை சுற்றி, இரண்டு நுனியையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து அழுத்துங்கள். பிடித்துக்கொள்ளும்.