ஆற்றங்கரை வீட்டை இப்போதே வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 36. வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். பெருநகரத்தில் சம்பளத்தில் 35 சதவீதம் வாடகைக்கே போகிறது. ஆற்றங்கரையில் உள்ள அமைதியான ஒரு சிறிய நகரத்துக்குக் குடும்பத்தோடு போக நினைக்கிறோம். அங்கே வாடகை 12 சதவீதம்தான். மொத்தச் செலவே 70 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். அங்கே ஆறு மாதம் வாழ்வதற்கான சேமிப்பு கையில் இருக்கிறது. அதை முன்பணமாகக் கொடுத்து, 20 ஆண்டுக் கடனில் ஆற்றைப் பார்த்த வீடு ஒன்றை வாங்கிவிடலாமா?

பதில்: தாராளமாகக் குடியேறுங்கள். வீட்டை மட்டும் இப்போது வாங்க வேண்டாம். ஒரு முழு ஆண்டு, அதிலும் மழைக்காலம் முழுவதும், அங்கே வாடகைக்கு இருந்து பாருங்கள்.

முதலில் உங்கள் வேலை. பெருநகரத்தில் ஒரு வேலை போனால் இன்னொரு நிறுவனத்தின் கதவைத் தட்டலாம். சிறிய ஊரில் உங்கள் துறைக்கு அந்த வாய்ப்பு குறைவு. 2020-ல் ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்ன நிறுவனங்கள் பலவும் பிறகு அலுவலகத்துக்குத் திரும்ப அழைத்ததைப் பார்த்தோம். அப்படி ஒரு மின்னஞ்சல் உங்களுக்கு வந்தால், வாடகைக்கு இருப்பவர் சாமான்களைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். சொந்த வீட்டை விற்க, சின்ன ஊரில் மாதக்கணக்கில் காத்திருக்க நேரிடும். கடன் தவணை காத்திருக்காது. சேமிப்பு முழுவதும் முன்பணமாகப் போயிருந்தால் அந்த மாதங்களை எதைக் கொண்டு கடப்பீர்கள்? உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைத்த இடம் இதுதான்.

நீங்கள் போட்ட 70 சதவீதக் கணக்கிலும் சில செலவுகள் விட்டுப்போயிருக்கும். வேறொரு நிறுவனத்தின் இரண்டாவது இணைய இணைப்பு, அலுவலகம் அழைக்கும்போதெல்லாம் போய்வரும் பயணம், சிறப்பு மருத்துவரைப் பார்க்கப் பெருநகரம் வரை போகும் செலவு என்று அவை வந்துகொண்டே இருக்கும். மின்சாரம் போனால் சமாளிக்க ஒரு பேட்டரியும் தேவை. ரௌட்டருக்குச் சுமார் 10 வாட் போதும் என்பதால் சிறிய பேட்டரியே சில மணி நேரம் தாங்கும்.

எல்லாம் சேர்ந்து செலவு 80 சதவீதம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அப்போது உங்கள் ஆறு மாதச் சேமிப்பு ஐந்து மாதத்துக்குச் சற்றே அதிகமாக வரும். மீதமுள்ள 20 சதவீதத்தை ஓராண்டு சேர்த்தால் இன்னும் மூன்று மாதச் செலவு சேரும். ஆக எட்டு மாதம். ஒரே முதலாளியை நம்பி ஒதுக்கமான ஊரில் வாழும் குடும்பத்துக்கு அதற்குக் குறைந்த கையிருப்பை நான் ஏற்க மாட்டேன். முன்பணத்துக்கான சேமிப்பு அதன் பிறகே தொடங்கட்டும்.

அடுத்தது ஆறு. 'நூறாண்டு வெள்ளம்' என்றால் நூறு ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் வரும் என்று பலரும் நினைக்கிறார்கள். எந்த ஓர் ஆண்டிலும் அது வருவதற்கு 1 சதவீத வாய்ப்பு உண்டு என்பதே அதன் பொருள். அந்த அபாய எல்லைக்குள் வீடு இருந்தால், உங்கள் 20 ஆண்டுக் கடன் முடிவதற்குள் ஒரு முறையாவது வெள்ளம் வர 18 சதவீத வாய்ப்பு இருக்கிறது. பல நாடுகளில் சாதாரண வீட்டுக் காப்பீட்டில் வெள்ளச் சேதம் அடங்காது; தனியாக எடுக்க வேண்டும்.

வீட்டைப் பார்க்கப் போகும்போது சுவர்களை நிதானமாகப் பாருங்கள். வெளிச்சுவரில் முழங்கால் உயரத்தில் பழுப்புக் கோடு ஓடுகிறதா? கீழ்ப்பகுதிக்கு மட்டும் புதிதாக வண்ணம் அடித்திருக்கிறார்களா? அந்தத் தெரு வீடுகளின் பிளக் பாயின்ட்டுகள் எல்லாம் வழக்கத்துக்கு மாறாக உயரத்தில் இருந்தால், அங்கே தண்ணீர் வந்துபோயிருக்கலாம். பக்கத்து வீட்டுப் பெரியவர்களிடம் எந்தப் படி வரை ஏறியது என்று கேளுங்கள். விற்பவர் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

கிளம்புவதற்கு முன் நிறுவனத்திடம் எழுத்தில் ஒரு சம்மதம் வாங்குங்கள். வசிக்கும் ஊரைப் பொறுத்துச் சம்பளத்தைக் குறைக்கும் நிறுவனங்களும் உண்டு. நீங்கள் போகும் ஊர் வேறு நாட்டில் இருந்தால் வரி ஆலோசகரையும் பாருங்கள். ஆண்டுக்கு 183 நாள் தங்கினால் பல நாடுகளில் வரிப் பொறுப்பு வந்துவிடும்.

வாடகைக்கு மாடி வீடாகவே தேடுங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன், ஒரு வேலைநாள் காலையில் மடிக்கணினியோடு போய், நீங்கள் உட்காரப்போகும் அந்த அறையிலிருந்தே ஒரு காணொளிக் கூட்டத்தை முழுவதுமாக முடித்துவிட்டு வாருங்கள்.