பத்தாம் வகுப்புக்குப் பின் பாட்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகள் பத்தாம் வகுப்பு முடித்துவிட்டாள். ஊரிலேயே ஒரு பாட்டு டீச்சரிடம் வர்ணம் (கீர்த்தனைக்கு முந்தைய பயிற்சிப் பாடல்) வரை கற்றிருக்கிறாள். இனி இசைதான் படிப்பேன் என்கிறாள். பிளஸ் டூவை விட்டுவிட்டு இப்போதே டிப்ளமோவில் சேர்த்துவிடலாமா? பட்டப்படிப்புக்காகக் காத்திருந்தால் நடுவில் இரண்டு வருஷம் வீணாகாதா?

எம்., அம்பாசமுத்திரம்

அன்புள்ள எம்.,

பிளஸ் டூவை விட வேண்டாம். பட்டப்படிப்பில் சேரவும், பின்னாளில் அரசு வேலைக்கு விண்ணப்பிக்கவும் பத்து, பன்னிரண்டு, பட்டம் என்ற வரிசையைத்தான் கேட்கிறார்கள். நடுவில் ஒரு படி இல்லையென்றால் குரல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். எந்தப் பாடப்பிரிவு எடுத்தாலும் சரி, சாதகத்துக்கு (பாட்டுப் பயிற்சிக்கு) நேரம் மிஞ்சுகிற பிரிவாக எடுங்கள்.

திருநெல்வேலியில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, வயலின், மிருதங்கம், நாதசுரம், தவில், தேவாரம், பரதம் எல்லாம் அங்கே மூன்றாண்டுச் சான்றிதழ் படிப்பு. 25 வயது வரை சேரலாம் என்பதால் அவசரம் இல்லை. வகுப்பு நேரத்தை நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். பள்ளிக்கூட நேரத்தோடு மோதினால் பிளஸ் டூ முடிந்தபின் அங்கே சேரலாம், அல்லது நேராக மதுரை அரசு இசைக்கல்லூரிக்குப் போகலாம்.

இரண்டு வருஷம் வீணாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வர்ணம் வரை வந்த பிள்ளைக்கு மிகவும் தேவைப்படுவதே இந்த இரண்டு வருஷம்தான். கல்லூரியில் கீர்த்தனைகள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். அடிப்படையில் உள்ள ஓட்டையை உட்கார்ந்து அடைக்க அங்கே யாருக்கும் நேரம் இராது.

முதலில் பார்க்க வேண்டியது இரண்டாம் காலம், அதாவது தாளம் போடும் கையின் வேகம் மாறாமல் அதே பாட்டை இரட்டை வேகத்தில் பாடுவது. தெரிந்த ஒரு ஆதி தாள வர்ணத்தைத் தாளம் போட்டு முதல் காலத்திலும் உடனே இரண்டாம் காலத்திலும் பாடச் சொல்லுங்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இரண்டாம் காலம் வந்ததும் கை மெதுவாகிவிடும். முதல் காலத்தையே வேகமாக எடுத்துவிடுவதுதான் காரணம். இரட்டிப்பதற்கு அங்கே இடம் இல்லை. இதைத் தலைகீழாகச் சரிசெய்ய வேண்டும். ஒவ்வொரு ஸ்வரமும் தெளிவாக விழுகிற இரண்டாம் கால வேகத்தை முதலில் கண்டுபிடித்து, கையின் நடையை மாற்றாமல் முதல் காலத்தைப் பாட வேண்டும். முதல் காலம் இழுவையாகத் தோன்றும். அந்த நிதானத்தில்தான் கமகம் (ஸ்வரத்தின் அசைவு) படியும். வர்ணத்தின் முற்பாதியான பல்லவி, அனுபல்லவி, முத்தாயிஸ்வரம் வரை இப்படி வந்தபின் அட தாள வர்ணம் ஒன்றைத் தொடங்கட்டும். அந்தத் தாளம் 14 அட்சரம் (எண்ணிக்கை): தட்டி விரல் எண்ணுகிற லகு ஐந்தைந்தாக இரண்டு, பிறகு தட்டிக் கையைத் திருப்புகிற திருதம் இரண்டிரண்டாக இரண்டு. லகுவில் விரல் எண்ணிக்கை ஒன்று தவறினாலும் எடுப்பு (பாட்டு தொடங்கும் இடம்) மாறிவிடும். அதனால் பாடாமல் கையை மட்டும் ஒரு வாரம் போட்டுப் பழகுவது நல்லது.

அடுத்தது சுருதி, அதாவது பாட்டுக்கு ஆதாரமான ஷட்ஜத்தின் (ஸ) உயரம். அதைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். பெண் குரலுக்கு 5 அல்லது 5½ கட்டை வழக்கம் என்றாலும் அவள் குரலைக் கேட்டே முடிவுசெய்யுங்கள். மந்தர பஞ்சமம் (கீழ் ப) காற்றாகப் போனால் சுருதி தாழ்வு, தார காந்தாரத்தில் (மேல் க) கழுத்து நரம்பு புடைத்தால் உயர்வு. போட்டிக்காக அரைக்கட்டை ஏற்றிப் பாடும் பழக்கத்தை இப்போதே நிறுத்துங்கள், குரல் கெடும். தம்புராச் செயலியைப் போனின் சின்ன ஸ்பீக்கரில் வைத்தால் கீழ் ஷட்ஜம் சரியாகக் கேட்காது. தனி ஸ்பீக்கர் வேண்டும். ஹிந்தோளம், ஸ்ரீரஞ்சனி போலப் பஞ்சமம் இல்லாத ராகங்களுக்கும் வழக்கமான பஞ்சம சுருதியையே வைக்கலாம்.

இசையியலை மனப்பாடம் செய்ய விடாதீர்கள், கணக்காகப் போடச் சொல்லுங்கள். நெல்லையப்பர் மேல் சம்பந்தர் பாடிய பதிகத்தின் பண் (பழந்தமிழ் ராகம்) சாதாரி. இன்று அதைப் பந்துவராளியில் பாடுகிறோம். பந்துவராளி 72 மேளங்களில் (தாய் ராகங்களில்) 51ஆவது. 36 வரை சுத்த மத்திமம், 36க்கு மேல் போனால் பிரதி மத்திமம் (உயர்ந்த ம). 51இல் 36 கழித்தால் 15. சக்கரத்துக்கு ஆறு மேளம் என்பதால் 15 என்பது மூன்றாம் சக்கரத்தில் மூன்றாவது. மூன்றாம் சக்கரம் என்றால் சுத்த ரிஷபம், அந்தர காந்தாரம். அதில் மூன்றாவது என்றால் சுத்த தைவதம், காகலி நிஷாதம். 15ஆவது மேளம் மாயாமாளவகௌளை, அவள் சரளிவரிசை பாடிய ராகம். மத்திமம் ஒன்றுதான் வேறு. இரண்டையும் அடுத்தடுத்துப் பாடிக்காட்டச் சொல்லுங்கள். இந்த முறையில் வாரம் ஒரு சக்கரம் எடுத்தால் 12 வாரத்தில் 72 மேளமும் முடிந்துவிடும்.