ஆக்ஸலாட்டில் வளக்க வளவு வீடு போதுமா?

கேள்வி: வணக்கம் ஐயா. கானாடுகாத்தான்ல எங்க அப்பத்தா வீடு பழைய வளவு வீடு, ஆத்தங்குடி கல்லு பதிச்ச தரை, சித்திரை வெயில்லயும் ரெண்டாங்கட்டுல சில்லுன்னு இருக்கும். அங்க ஒரு ஜோடி ஆக்ஸலாட்டில் (தண்ணிலயே வாழற, பல்லி மாதிரி உருவம் உள்ள சாலமாண்டர்) வச்சு குஞ்சு எடுக்கலாம்னு ஆசை. கிணத்து தண்ணி இருக்கு, பெரிய செம்பு அண்டாவும் சும்மா கெடக்கு. சரிப்படுமா?

பதில்: தம்பி, வாங்கறதுக்கு முன்னாடியே கேட்டது ரொம்ப நல்லது. அந்த செம்பு அண்டா வேணவே வேணாம். சாலமாண்டர் வகைக்கு தண்ணில கரைஞ்சிருக்கறது தோல் வழியாவே உள்ள போயிரும், செம்பு அதுக்கு விஷம். கண்ணாடி தொட்டிதான்.

அடுத்தது சூடு, இதுலதான் நம்ம பக்கம் நெறைய உயிர் போகுது. ஆக்ஸலாட்டிலோட சொந்த ஊரு மெக்ஸிகோவுல சோச்சிமில்கோ ஏரி, கடல் மட்டத்துல இருந்து 2,200 மீட்டருக்கு மேல. தண்ணி 16லருந்து 18 டிகிரி இருந்தா நிம்மதியா இருக்கும், 24ஐ தாண்டி அப்படியே நின்னா தீனி எடுக்காது, செவுள் சுருங்கும், பூஞ்சை புடிக்கும். நம்ம தடிச்ச சுவரு மத்தியான வெயில தடுக்கும், ஆனா ராத்திரியும் சூடாவே இருக்கற மாசத்துல தண்ணிய அது குளிர வைக்காது. சந்தேகம்னா ரெண்டாங்கட்டுல ஒரு வாளி தண்ணி வச்சு, மே மாசம் மத்தியானம் தெர்மாமீட்டர் விட்டு பாருங்க. ஃபேன் போட்டா ரெண்டு மூணு டிகிரி குறையும், பத்தாது. சில்லர், அதாவது தொட்டி தண்ணிய குளிர வைக்கற மெஷின், வாங்க காசு இருந்தா மட்டும் எறங்குங்க, அது விடற அனல் வெளிய போற மாதிரி முற்றத்து பக்கமா வைங்க. ஐஸ் பாட்டில் கரண்ட் போற நேரத்துக்கு மட்டும்தான்.

கிணத்து தண்ணில குளோரின் இல்லாதது வசதி, ஆனாலும் டெஸ்ட் பண்ணிருங்க. ஃபில்டர ஒரு மாசத்துக்கு மேல ஓட்டி அமோனியா, நைட்ரைட் ரெண்டும் ஜீரோவுல நிக்குதான்னு பாத்துட்டு அப்பறம் விடுங்க. கூழாங்கல்லு போடாதீங்க, முழுங்கிரும்.

கேள்வி: முட்டை போட்டா எல்லாத்தையும் பொரிக்க வைக்கலாமா?

பதில்: வேணாம். பொண்ணுக்கு ஒன்றரை வயசாவது ஆகட்டும், ஒரே ஈட்டு ஜோடியா இருக்க கூடாது. ஆணு தரைல ஜெல்லி மாதிரி விந்து பொட்டலம் வைக்கும், அது ஒட்ட சொரசொரப்பான தட்டை கல்லு போடுங்க, பொண்ணு அத எடுத்துக்கிட்டு ஒண்ணு ரெண்டு நாள்ல செடில முட்டை ஒட்டும், நூத்துக்கணக்குல வரும், சிலது ஆயிரத்தையும் தாண்டும். பெருசுகள ஒடனே பிரிச்சிருங்க, முட்டைய தின்னுரும். ரெண்டு மூணு வாரத்துல பொரியும், அசையற எரைய மட்டும்தான் புடிக்கும், அதனால தெனமும் ஆர்டீமியா (பொடி உப்புத்தண்ணி இறால்) முட்டைய பொரிச்சு குடுக்கணும், பசிச்சா ஒண்ணோட கால ஒண்ணு கடிச்சிரும். இருபது முப்பது முட்டை போதும், மிச்சத்த கரு வளராம அழிக்க மொத ரெண்டு நாளுக்குள்ளயே ஃப்ரீசர்ல வச்சிருங்க. பொண்ணுக்கு ஆறு மாசமாவது ரெஸ்ட் குடுங்க.

இது சைட்டிஸ் (காட்டு உயிர் வியாபாரத்த கட்டுப்படுத்தற சர்வதேச ஒப்பந்தம்) பட்டியல்ல உள்ள உயிரு, 2024ல வந்த மத்திய அரசு விதிப்படி சுற்றுச்சூழல் அமைச்சகத்தோட பரிவேஷ் இணையதளத்துல பதிவு பண்ணணும், குஞ்சு பொறந்தாலும் தெரிவிக்கணும்.

கேள்வி: மிஞ்சுன குஞ்சுகள ஊரணில விட்டா?

பதில்: விடவே விடாதீங்க. அந்த சூட்டுல செத்துரும், அதோட ஒடம்புல இருக்கற நோயி நம்ம ஊரு தவளைக்கும் தொத்தலாம். சில்லர் வச்சிருக்கறவங்க யாராவது கேட்டா மட்டும் குடுங்க.